ஓனர் வெள்ளை

இனிக் குடும்பங்களுக்கு மட்டும் என்று
லிஃப்ட்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்.
ஜூலை முப்பத்தொன்றுக்குள்
வந்தபோது இருந்த நிறத்தில் அறையைத் திருப்ப வேண்டும்.
அட்வான்ஸ் மூவாயிரம் திர்ஹம்
சுவரின் கையில் இருந்தது.

ஷார்ஜா ரோலாவில் பீரான்குட்டியின் பெயிண்ட் கடை.
நிற அட்டையில் பதினொரு வெள்ளை:
முத்து, தந்தம், பருத்தி, பால்நுரை, முட்டை ஓடு.
எங்களுடையது அதில் இல்லை.
"ஓனர் வெள்ளை அல்லே?" என்றவர்
பதிலுக்குக் காத்திராமல் டிரம்மை உருட்டினார்.

நஜ்மா எண்பத்தைந்து.
பஹ்ரி நூற்றைம்பது.
சுல்தானா கோட் இருநூற்று நாற்பது.
எல்லாம் பதினெட்டு லிட்டர்.
மூன்றையும் அட்டைத் துண்டில் தடவிக் காயவைத்திருந்தார்,
கட்டைவிரலை நனைத்துத் தேய்க்கச் சொன்னார்.
நஜ்மா விரலோடு வந்தது, திருநீறு மாதிரி.
பஹ்ரி கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது.
சுல்தானா அசையவில்லை.
"இதுக்குக் கறை ஒளிக்கத் தெரியும்.
டிரம்மின் விலை நோக்கண்டா,
சுவரின் விலை நோக்கு."

நான் ஸ்டோர் கீப்பர். பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்:
சுல்தானா ஒரு டிரம், நஜ்மா என்றால் இரண்டு.
எழுபது திர்ஹம் வித்தியாசம்.
ஆறு தலைக்குப் பிரித்தால்
ஆளுக்கு ஒரு பரோட்டா, ஒரு டீ.

அறையில் ஓட்டெடுத்தோம்.
"காலி பண்ற வீட்டுக்குப் பொன்முலாம் எதுக்கு?"
என்றான் சதக்கத்துல்லா.
பகலெல்லாம் வில்லாக்களில் சுல்தானா அடிக்கிற கொளஞ்சியும்
நஜ்மாவுக்கே கை தூக்கினான்.
"அந்த வாசனை தூக்கத்துலயும் வருது.
இங்கயாவது வேற வாசனை வரட்டும்."
ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்று நான்.

வெள்ளி இரவு
அடுக்குக் கட்டில்களைக் கழற்றி வராந்தாவில் சாய்த்தோம்.
ஜன்னலைத் திறந்தால் கடல் ஈரம், மூடினால் மூச்சு.
ரோலர் நடந்த தடத்திலேயே வியர்வை சொட்டியது.
மூன்று மணிக்குச் சுவர் வெளுத்திருந்தது,
எங்களுக்கே அதில் குடியேறலாம் போல.

காலையில் தலைகள் திரும்பி வந்திருந்தன.

எண்ணெய்க் கறைகள்.
மேல்தட்டு உயரத்தில் மூன்று, கீழ்த்தட்டில் மூன்று.
ஒருக்களித்துத் தூங்கும் மைதீன் பிச்சையுடையது நீளம்.
அங்கப்பன் விளக்கெண்ணெய்க்காரன், அவனுடையது மஞ்சள்.
வேதமுத்துவின் கறை வருஷத்துக்கு ஒரு விரல் வீதம்
வலப்பக்கம் நகர்ந்திருந்தது;
சார்ஜர் பாயிண்ட் அங்கேதான்.
அவனவன் கறை முன்னால் அவனவன் நின்றோம்,
பாஸ்போர்ட் கவுண்டரில் நிற்பதுபோல்.

அலமாரியை நகர்த்திய இடத்தில் இன்னொன்று.
தரையிலிருந்து ஒரு சாண் உயரம்.
கட்டில் இல்லாமல் பாயில் படுத்தவன் தலை.

ஒன்பது வருஷமாக நான்தான் இந்த அறையில் மூத்தவன்.
நான் வந்தபோதே அங்கே அலமாரி இருந்தது.
"யாருடா இவன்?" என்றான் சதக்கத்துல்லா.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஏசி மட்டும் சொட்டியது.

திரும்பவும் ரோலா.
பீரான்குட்டி சிரிக்கவில்லை, அது அவருடைய மரியாதை.
கறையடைக்கும் பிரைமர், ஒரு கேலன், தொண்ணூறு.
கொளஞ்சி மற்றவர்களைத் தொடவிடவில்லை.
ஆறு கறைக்கும் ஒரு கை,
ஏழாவதற்கு மட்டும் காயவிட்டு இரண்டாம் கை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

வாட்ச்மேன் வந்து
சுவரைத் தொடாமல் போனில் படம் எடுத்துக்கொண்டான்.
நல்லவேளை, கட்டைவிரல் அவன் பையிலேயே இருந்தது.

நஜ்மா இரண்டு டிரம், நூற்றெழுபது.
ரோலர், டேப், உப்புத்தாள், நாற்பது.
பிரைமர் தொண்ணூறு.
ஆக முந்நூறு.
சுல்தானா வாங்கியிருந்தால் இருநூற்று எண்பது,
ஒரு ராத்திரி மிச்சம்.
இதை நான் சத்தமாக வாசிக்கவில்லை.

மீதி இரண்டாயிரத்து எழுநூறு,
ஆளுக்கு நானூற்றைம்பது. எண்ணிக் கொடுத்தேன்.
சாமான் ஏறிய பிக்கப் நஹ்தா சிக்னலில் நிற்கையில்
சும்மா ஏழால் வகுத்துப் பார்த்தேன்.
முந்நூற்று எண்பத்தைந்து.
மிச்சம் ஐந்து.